உங்களுக்குத் தெரியுமா? கைத்துப்பாக்கிக்கு லாக் வேணுமா, வேண்டாமா?

2024 அக்டோபர் 1. விடிய இன்னும் நேரம் இருக்கிறது. மும்பையில் இந்தி நடிகர் கோவிந்தா விமானத்தைப் பிடிக்கக் கிளம்பிக்கொண்டிருக்கிறார். அலமாரியில் வைக்கப் போன ரிவால்வர் கை நழுவிக் கீழே விழுகிறது. டமார்! இடது காலில், முட்டிக்குக் கீழே குண்டு. துப்பாக்கியும் அவருடையது, லைசென்ஸும் அவருடையது. அவர் போகவிருந்த ஊர்? கொல்கத்தா!

அது .32 வெப்ளி ரிவால்வர், பழசு. லாக்கில் ஒரு சின்னத் துண்டு உடைந்திருந்ததாக அப்போது செய்தி வந்தது. ஆளைப் படுக்கவைக்க அந்தச் சின்னத் துண்டு போதும்!

கட்டைவிரலால் தள்ளுகிற சேஃப்டி லாக் வேணுமா, வேண்டாமா? உலகமே இதில் இரண்டு கட்சி! கோவிந்தா வந்து சேராத கொல்கத்தாவில், அதுவும் பெஹாலாவில் ஆரம்பித்துத் தேடிப் பார்த்தேன். அள்ள அள்ள வருகிறது!

பெஹாலாவில் இறங்குவோம்

டயமண்ட் ஹார்பர் ரோட்டில் இருக்கும் பெஹாலா 2011 வரை கொல்கத்தா போலீஸின் எல்லையிலேயே இல்லை! அந்த வருஷம் செப்டம்பர் 1-ம் தேதிதான் மாவட்டப் போலீஸிடமிருந்து கைமாறியது. மாவட்டம் என்றால் துப்பாக்கி லைசென்ஸ் மாஜிஸ்திரேட் கையில். மாநகரம் என்றால் போலீஸ் கமிஷனர் கையில். வீடு நகரவில்லை, ஆபீஸ் மட்டும் போலீஸ் தலைமையகமான லால்பஜாருக்கு நகர்ந்துவிட்டது!

மேற்கு வங்கம் முழுக்க எத்தனை துப்பாக்கி லைசென்ஸ்? 2016 கடைசியில் மத்திய உள்துறை போட்ட கணக்கு: 60,525. தமிழ்நாட்டில் 22,532. உத்தரப்பிரதேசத்தில்? மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். 12,77,914!

கொல்கத்தா பிறந்ததே பெஹாலாவில்தான் தெரியுமா? 1698 நவம்பர் 10. பெஹாலாவின் பரிஷா பகுதியில் சாவர்ண ராய் சௌத்ரி குடும்பத்தின் ஆட்சாலா மண்டபம். சுதானுட்டி, கோவிந்தபூர், கலிகாட்டா என்ற மூன்று கிராமங்கள் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் குத்தகைக்குப் போயின. வருஷத்துக்கு வெறும் 1,300 ரூபாய்!

2014 ஜனவரியில் கான்பூர் அரசுத் தொழிற்சாலை பெண்களுக்கென்று ஒரு ரிவால்வர் விட்டதே, 'நிர்பீக்'? எடை அரைக் கிலோ. நகைப்பெட்டி மாதிரி ஒரு பெட்டியில் வந்தது. விலை 1,22,360 ரூபாய். கணக்குப் போட்டேன். அந்த ஒரு ரிவால்வர் காசுக்குக் கொல்கத்தாவை 94 வருஷம் குத்தகைக்கு எடுத்திருக்கலாம்!

பெஹாலா என்றால் சௌரவ் கங்குலி. அவர் இடது கை பேட்ஸ்மேன். ஆனால் நிஜத்தில் வலது கைக்காரர்! பழைய பிஸ்டல்களில் சேஃப்டி லீவர் பெரும்பாலும் இடது பக்கத்தில் மட்டுமே இருக்கும். வலது கையால் பிடித்தால் கட்டைவிரல் நேராக அதன் மேல் போய் நிற்கும். அசல் இடது கைக்காரர் பாடுதான் திண்டாட்டம். தாதா தப்பித்தார்!

கிரிக்கெட் என்றதும் இன்னொன்று. 1932 பிப்ரவரி 6. கல்கத்தா பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழா. மேடையில் கவர்னர் ஸ்டான்லி ஜாக்சன். பீணா தாஸ் என்ற 20 வயது மாணவி எழுந்து ரிவால்வரால் சுடுகிறார். ஐந்து குண்டு. ஐந்தும் தப்பின! கவர்னர் குனிந்து தப்பித்தார். பவுன்சருக்குக் குனிந்து பழகிய உடம்பு! ஆமாம், அவர் இங்கிலாந்து கிரிக்கெட் அணியின் முன்னாள் கேப்டன். 1905 ஆஷஸ் தொடரில் அவர் ஜெயித்த டாஸ் எத்தனை? ஐந்துக்கு ஐந்து!

போட்டவர்கள், பிடுங்கியவர்கள்

ரிவால்வருக்கு சேஃப்டி லீவர் உண்டா? பெரும்பாலும் கிடையாது! சினிமாவில் ரிவால்வரை நீட்டிக்கொண்டு "லாக்கை எடுத்துட்டேன்" என்று மிரட்டினால் தைரியமாகச் சிரியுங்கள். எடுக்க அங்கே எதுவுமே இல்லை!

ஆனால் சிங்கப்பூரில் இருந்தது! 1930-களில் அங்கே போலீஸுக்கு வந்த .38 வெப்ளி ரிவால்வர்களில் தனியாக சேஃப்டி கேட்ச் பொருத்திக் கொடுத்தார்கள். ஊர் உலகத்தில் அரிதான அதிசயம். அந்தத் துப்பாக்கிகள் எதுவரை இடுப்பில் தொங்கின தெரியுமா? 1970-கள் வரை!

அதே சிங்கப்பூரில் இன்று? ஒருவரைக் காயப்படுத்தும் எண்ணத்தில் துப்பாக்கியால் சுட்டாலே போதும், குறி தவறினாலும் தூக்கு. 1973-ம் வருஷத்துச் சட்டம்!

சிங்கப்பூரில் லீவரைச் சேர்த்தார்கள் அல்லவா? அதே காலத்தில் ஷாங்காயில் இருந்த வெள்ளைக்காரப் போலீஸ் என்ன செய்தது தெரியுமா? பிஸ்டலோடு வந்த லீவரை ஆணியடித்த மாதிரி இறுக்கி, நிரந்தரமாகச் செயலிழக்க வைத்தது! செய்தவர் பயிற்சி அதிகாரி ஃபேர்பேர்ன். அவசரத்தில் விரல் லீவரைத் தேடிக்கொண்டிருந்தால் எதிராளி முந்திவிடுவான் என்பது அவர் வாதம்.

அப்படியானால் பாதுகாப்பு? சேம்பரைக் காலியாக வைத்தார்! மேகஸினில் தோட்டா இருக்கும், குழலில் இருக்காது. எடுக்கும்போதே மேல்பகுதியான ஸ்லைடை ஒரு இழுப்பு, பிறகுதான் சுட முடியும். அந்த ஷாங்காய் போலீஸில் சீக்கியர்களுக்கென்றே ஒரு தனிப் பிரிவு இருந்தது. நம் ஆட்கள்!

இன்று அந்தப் பழக்கத்துக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் 'இஸ்ரேலி கேரி'. ஷாங்காய்க்காரர் பாவம். பேர் போனது வேறு ஊருக்கு!

ரிவால்வரில் சேஃப்டி கேட்ச் வைத்த இன்னொரு கில்லாடி ஜார்ஜ் ஃபோஸ்பெரி. வேலை? வங்காளப் படையில் அதிகாரி! 1863-ல் வடமேற்கு எல்லையில், அம்பேலா சண்டையில், விக்டோரியா கிராஸ் வாங்கியவர். அவர் செய்த வெப்ளி-ஃபோஸ்பெரி ரிவால்வர் சுட்ட அதிர்வில் தானே சுற்றி, தானே அடுத்த குண்டுக்குத் தயாராகும். அதனால் சேஃப்டி வைத்தே தீரவேண்டியதாயிற்று. தளர்வாகப் பிடித்தால் மட்டும் மக்கர் பண்ணும்!

அமெரிக்காவின் பழைய 'கோல்ட்' ஆறு குண்டு ரிவால்வரில் விவரம் தெரிந்தவர்கள் ஆறு குண்டு போட மாட்டார்கள். ஐந்துதான்! சுத்தியல் மாதிரி அடிக்கும் ஹேமர் காலி அறை மேல் உட்கார்ந்திருக்கும். கீழே விழுந்தாலும் வெடிக்காது. செலவே இல்லாத சேஃப்டி!

1900-களின் தொடக்கத்தில் ஐவர் ஜான்சன் என்ற கம்பெனி ஒரு விளம்பரம் கொடுத்தது. "எங்கள் ரிவால்வரின் ஹேமரைச் சுத்தியலால் அடித்துப் பாருங்கள்" என்று! ஹேமருக்கும் தோட்டாவைக் குத்தும் ஊசிக்கும் நடுவே ஒரு குட்டித் தகடு. ட்ரிகரை இழுத்தால் மட்டுமே அது மேலே வந்து இரண்டையும் இணைக்கும். லீவர் இல்லை, லாக் இல்லை, ஆனாலும் வெடிக்காது!

இந்தத் தகடு விஷயத்தில் அமெரிக்காவின் ரூகர் கம்பெனி செய்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. 1973-க்கு முன்னால் விற்ற பழைய ரிவால்வர்களை அனுப்பினால் புதுத் தகடு பொருத்தித் திருப்பி அனுப்புகிறார்கள். கட்டணம்? பூஜ்யம்!

1944-ல் ஒரு அமெரிக்கப் போர்க்கப்பல். ரிவால்வர் தளத்தில் விழுந்து வெடித்தது. ஒரு மாலுமி இறந்தார். ஸ்மித் அண்ட் வெஸன் கம்பெனி உடனே உள்சேஃப்டியை மாற்றியது. ஒரே ஒரு ரிவால்வர் விழுந்ததில் லட்சக்கணக்கான துப்பாக்கிகளின் உள்வேலை மாறிப்போனது!

46,000 தோட்டா மாயம்!

இப்போது சொல்லப்போவதுதான் எனக்குக் கிடைத்ததிலேயே பெரிய மீன். நிதானமாகப் படியுங்கள்!

1914 ஆகஸ்ட் 26. கல்கத்தாவில் ரோடா கம்பெனி, பெரிய ஆயுத வியாபாரி. கஸ்டம்ஸிலிருந்து சரக்கெடுக்க தன் குமாஸ்தாவை அனுப்புகிறது. பெயர் ஸ்ரீஷ் மித்ரா, செல்லப்பெயர் ஹாபு. அவர் எடுத்த பெட்டிகள் 202. கிடங்குக்கு வந்து சேர்ந்தவை 192!

மீதிப் பத்துப் பெட்டியைக் கொண்டுவரப் போகிறேன் என்று போனார் ஹாபு. போனவர் போனவர்தான். அந்தப் பெட்டிகள் ஏறியது ஒரு மாட்டு வண்டியில். வண்டிக்காரன் வேஷத்தில் இருந்தவர் ஹரிதாஸ் தத்தா என்ற புரட்சிக்காரர். பட்டப்பகல், நகரத்தின் நடுமையம். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை!

உள்ளே என்ன? 50 மவுசர் பிஸ்டல். 46,000 தோட்டா! கம்பெனி போலீஸுக்குப் போனது எப்போது தெரியுமா? மூன்று நாள் கழித்து!

அந்த ஐம்பதில் 44 பிஸ்டல்கள் உடனடியாக ஒன்பது புரட்சிக் குழுக்களின் கைக்குப் போயின. அதற்குப் பிறகு எத்தனை சம்பவங்களில் அவை முழங்கின? ரௌலட் கமிட்டி 1918-ல் எண்ணிச் சொன்ன கணக்கு: 54!

அந்த மவுசர் எப்பேர்ப்பட்ட சாமான் தெரியுமா? எடை ஒரு கிலோவுக்கும் மேல். வைத்திருக்கும் மரப்பெட்டியையே பிடியில் மாட்டினால் குட்டி ரைஃபிள்! கைப்பிடியில் இருக்கும் ஒரே ஒரு திருகாணி தவிர துப்பாக்கி முழுக்க வேறு திருகாணியே கிடையாது. குறி பார்க்கும் அளவுகோலில் கடைசி எண் 1,000 மீட்டர்!

அதில் சேஃப்டி லீவரும் உண்டு, ஹேமருக்குப் பக்கத்திலேயே. மவுசர் கம்பெனிக்கே அதில் திருப்தி இல்லை. மாற்றி மாற்றிச் செய்து பார்த்தது! 1912 வாக்கில் புது லீவர் வந்தபோது ஹேமரின் முதுகிலேயே 'என் எஸ்' என்று இரண்டு எழுத்தைப் பொறித்தது. அதாவது 'புது சேஃப்டி'. பெருமையைப் பாருங்கள்!

வின்ஸ்டன் சர்ச்சில் 1898-ல் சூடானில் ஆம்டுர்மன் போரில் வாளுக்குப் பதில் இந்த மவுசரைத்தான் எடுத்துப் போனார். காரணம்? தோள்பட்டை மூட்டு நழுவிப்போயிருந்தது. எங்கே நழுவியது? பம்பாயில், படகிலிருந்து கரையேறும்போது!

புரட்சிக்காரர் பாகா ஜதீன் ஒரு புலியைக் கத்தியால் கொன்றுதான் 'பாகா' ஆனார். கத்திக்கு ஏது சேஃப்டி! 1915 செப்டம்பர் 9-ம் தேதி பாலாசோரில் போலீஸ் படையை அவர் எதிர்கொண்டபோது கையில் இருந்தவை மவுசர்கள். அவர் பக்கம் இருந்த ஆட்கள், அவரையும் சேர்த்து, ஐந்தே பேர்!

அந்த வருஷம் பிப்ரவரியில் பெஹாலாவுக்குப் பக்கத்து கார்டன் ரீச்சில் 18,000 ரூபாய் கொள்ளை. புரட்சிக்காரர்கள் வந்த வாகனம்? டாக்ஸி! அஞ்சு மாசத்தில் மாட்டு வண்டியிலிருந்து டாக்ஸிக்கு முன்னேறிவிட்டார்கள்!

மவுசரைக் கண்ணால் பார்க்கணுமா? ஆச்சார்ய பிரபுல்ல சந்திர ரோட்டில் கொல்கத்தா போலீஸ் மியூசியம் இருக்கிறது. ஒரு காலத்தில் ராஜா ராம்மோகன் ராய் இருந்த வீடு. மாஜிஸ்திரேட் கிங்ஸ்ஃபோர்டுக்குப் பார்சலில் அனுப்பிய புத்தக வெடிகுண்டும் அங்கேதான் இருக்கிறது. அவர் அந்தப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. படிக்காததால் உயிர் பிழைத்த ஒரே மனிதர்!

அதே கிங்ஸ்ஃபோர்டைக் குறிவைத்துப் போய், 1908-ல் பிடிபட்டுத் தூக்கிலேறியவர் குதிராம் போஸ். வயது 18. இந்தியா முழுக்க அரசு ஆயுதத் தொழிற்சாலைகளை ஆண்ட வாரியத்தின் தலைமை அலுவலகம் 'ஆயுத் பவன்' எந்தத் தெருவில் தெரியுமா? கொல்கத்தா, ஷஹீத் குதிராம் போஸ் ரோடு!

தோட்டா இல்லாவிட்டால் எல்லாமே சேஃப்டிதான். 1930 ஏப்ரல் 18-ல் சிட்டகாங் ஆயுதக் கிடங்கைச் சூர்யா சென் குழு மடக்கியது. துப்பாக்கி கிடைத்தது. தோட்டா? கிடைக்கவே இல்லை!

நம் ஊர்க் கதை ஒன்று. 1911 ஜூன் 17, மணியாச்சி ஜங்ஷன். ரயில் பெட்டியில் கலெக்டர் ஆஷைச் சுட்டார் வாஞ்சிநாதன். கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல்! புதுச்சேரியில் சுடப் பழக்கியவர் வ.வே.சு. ஐயர். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாரே, அவரேதான்!

மூன்று வருஷம் கழித்து, 1914 ஜூன் 28-ல், சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டதும் பெல்ஜியத்து பிரௌனிங்தான். 1910 மாடல், நம்பர் 19074. அந்த மாடலில் எத்தனை சேஃப்டி தெரியுமா? விரலுக்கு ஒன்று, பிடிக்கு ஒன்று, மேகஸினுக்கு ஒன்று. மூன்று சேஃப்டி இருந்தும் உலகப் போரை நிறுத்த முடியவில்லை!

இச்சாப்பூர் லீவர்

கொல்கத்தாவைச் சுற்றி வெடிச்சமாச்சாரம் எவ்வளவு பழசு? இச்சாப்பூரில் வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு அடி போட்டது 1787-ல். காசிப்பூரில் பீரங்கி வண்டித் தொழிற்சாலை 1801-ல். அங்கே உற்பத்தி தொடங்கியது 1802 மார்ச் 18. இன்றைக்கும் மார்ச் 18-தான் ஆயுதத் தொழிற்சாலை தினம்!

உலகம் தடை செய்த 'டம்டம்' தோட்டா எந்த ஊர்? கொல்கத்தா ஏர்போர்ட் இருக்கிறதே, அந்த டம்டம்! அங்கிருந்த ஆயுதக் கிடங்கில் கேப்டன் பெர்ட்டி-கிளே உருவாக்கியது. 1899-லேயே ஹேக் மாநாட்டில் தடை. ஊர்ப் பேர் மட்டும் அகராதியில் ஏறிவிட்டது!

நம் ராணுவமும் போலீஸும் இடுப்பில் வைத்திருக்கும் 9 எம்.எம். பிஸ்டல் இச்சாப்பூர் தயாரிப்பு. மூலம் பெல்ஜியத்து 'பிரௌனிங் ஹை-பவர்', 1935 மாடல். நம்முடையதற்கு வழிகாட்டி கனடாவின் இங்லிஸ் கம்பெனி. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அந்தக் கம்பெனி என்ன செய்து பிழைத்தது தெரியுமா? வாஷிங் மெஷின்!

அந்தப் போரில் ஹை-பவரை ஜெர்மன்காரனும் வைத்திருந்தான், நேச நாட்டுக்காரனும் வைத்திருந்தான். பெல்ஜியம் ஹிட்லர் கையில், கனடா இந்தப் பக்கம். இரண்டு தரப்புக்கும் ஒரே பிஸ்டல், ஒரே லீவர்!

லீவரைக் கிட்டே போய்ப் பார்ப்போமா? இடது பக்கம், பிடிக்கு மேலே, பின்னால். பழைய மாடலில் சுண்டுவிரல் நகம் அளவுதான். மேலே தள்ளினால் பத்திரம், கீழே தள்ளினால் சுடும். மேலே தள்ளியதும் அதன் முனை ஸ்லைடில் இருக்கும் வெட்டில் 'டக்' என்று உட்காரும். அத்தோடு ஸ்லைடும் நகராது.

இங்கேதான் வேடிக்கை! ஸ்லைடை இழுத்தால்தானே உள்ளே இருக்கும் தோட்டாவை எடுக்க முடியும்? சேஃப்டி போட்டிருந்தால் ஸ்லைடு அசையாது. ஆக, தோட்டாவை எடுத்துத் துப்பாக்கியைப் பத்திரமாக்க முதலில் சேஃப்டியை எடுக்க வேண்டும்! இதைக் கண்டுபிடித்தவரை நிற்க வைத்து நாலு கேள்வி கேட்கலாம்.

இன்னொரு கூத்து! ஹை-பவரில் மேலே தள்ளினால் பத்திரம். இத்தாலியின் பெரெட்டா 92-ல் மேலே தள்ளினால் சுடும்! அமெரிக்க ராணுவம் 1911 மாடல் 'கோல்ட்' பிஸ்டலைக் கையில் வைத்துப் பழகியது 70 வருஷத்துக்கும் மேல். 1985-ல் பெரெட்டாவுக்கு மாறியபோது கட்டைவிரல் கற்ற பாடம் அத்தனையும் தலைகீழ்!

அந்த 1911 கோல்ட்டுக்கு முதலில் கட்டைவிரல் லீவரே இல்லை தெரியுமா? பிடியை அழுத்தினால்தான் சுடும் என்ற ஒரே ஏற்பாடுதான். குதிரைப்படைக்காரர்கள் கேட்டு வாங்கியதுதான் லீவர். ஒரு கையில் கடிவாளம், மறு கையில் துப்பாக்கி, கீழே மிரளும் குதிரை. கேட்காமல் என்ன செய்வார்கள்!

மேகஸினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று நினைப்பவர்கள் கையைத் தூக்குங்கள். தப்பு! குழலுக்குள் ஒரு தோட்டா மிச்சம் இருக்கலாம். ஹை-பவரில் அதற்கும் ஒரு தந்திரம்: மேகஸின் இல்லாவிட்டால் ட்ரிகரே வேலை செய்யாது. இதைக் கேட்டது பிரெஞ்சு ராணுவம். அவர்களுக்காகவே வைத்தார்கள். கடைசியில் பிரான்ஸ் அந்தத் துப்பாக்கியை வாங்கியதா? இல்லை!

அதே தந்திரத்தை 2007 முதல் கலிஃபோர்னியா புதிதாக விற்பனைக்கு வரும் பிஸ்டல் மாடல்களுக்குக் கட்டாயமாக்கியது. பிரான்ஸ் கேட்டுவிட்டுப் போனது, 70 வருஷத்துக்கும் மேல் கழித்துச் சட்டமானது!

திருச்சிக்காரர்களே, காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் துப்பாக்கித் தொழிற்சாலையும் இச்சாப்பூரும் காசிப்பூரும் 2021 அக்டோபர் 1 முதல் ஒரே கம்பெனி! 41 தொழிற்சாலைகள் ஏழு கம்பெனிகளாகப் பிரிந்த நாள் அது.

நம் ஆயுத பூஜைக்குக் கொஞ்சம் முன்னால், செப்டம்பர் 17 வாக்கில், வங்காளத்தில் விஸ்வகர்மா பூஜை. தொழிற்சாலை இயந்திரத்தையெல்லாம் நிறுத்தி மாலை! வானம் முழுக்கப் பட்டம். வருஷத்தில் ஒரு நாள் எல்லா இயந்திரத்துக்கும் 'லாக்'!

திரைச்சீலைக்காரர் குட்டையைக் குழப்பினார்

லீவரே வேண்டாம் என்று உலகத்தைத் திருப்பியவர் யார் தெரியுமா? ஆஸ்திரியாவில் திரைச்சீலைக் கம்பியும் கத்தியும் செய்துகொண்டிருந்த காஸ்டன் க்ளாக்! துப்பாக்கி செய்து பழக்கமே இல்லாதவர். 1982-ல் அவர் பிஸ்டலை ஆஸ்திரிய ராணுவம் எடுத்துக்கொண்டது. அவருடைய 17-வது காப்புரிமை. அதனால் பெயர் க்ளாக் 17!

அதில் கட்டைவிரலுக்கு வேலையே இல்லை. ட்ரிகரின் நடுவில் ஒரு குட்டி நாக்கு. விரல் அதை அழுத்தினால்தான் ட்ரிகர் நகரும். உள்ளே இன்னும் இரண்டு சேஃப்டி, தானாகவே இயங்கும். மொத்தம் மூன்று. கண்ணுக்குத் தெரிவது ஒன்று!

சினிமா ஹீரோ க்ளாக்கை நீட்டுகிறார். வில்லன் சிரிக்கிறான், "சேஃப்டி ஆன்ல இருக்கு தம்பி". அடப்பாவி, அதில் சேஃப்டி லீவரே இல்லையே! டைரக்டர்களே, கவனியுங்கள்.

2013 ஜனவரி. பிரிட்டிஷ் ராணுவம் பழைய ஹை-பவரைக் கழற்றிவிட்டு 25,000 க்ளாக் வாங்கியது. லீவருக்கு விடை கொடுத்தாயிற்று. 2017 ஜனவரி. அமெரிக்க ராணுவம் புது பிஸ்டல் தேர்ந்தெடுத்தது. போட்ட நிபந்தனை? கட்டைவிரல் சேஃப்டி கட்டாயம் வேணும்! ஒப்பந்தம் 58 கோடி டாலர் வரை. இடைவெளி நாலே வருஷம். தோழர்கள்தான், கருத்து நேர் எதிர்!

அந்தப் போட்டியில் ஜெயித்தது சிக் சாவர் பி-320. அதே வருஷம் ஆகஸ்டில் கடையில் விற்ற பி-320 சில கோணங்களில் கீழே விழுந்தால் வெடிக்கிறது என்று தெரியவந்தது. கம்பெனியே இலவசமாக மாற்றிக் கொடுத்தது. கோவிந்தா மட்டுமல்ல, யார் கையிலிருந்தும் நழுவும்!

நியூயார்க் போலீஸ் வேறு வழி பிடித்தது. லீவர் வேண்டாம், ட்ரிகரையே கனமாக்கு! சாதாரண க்ளாக்கை இரண்டரைக் கிலோ விசையில் இழுக்கலாம். அவர்களுடையதற்கு அப்போது தேவைப்பட்டது? ஐந்தரைக் கிலோ!

ரஷ்யாவின் டோக்கரேவ் பிஸ்டலில் சேஃப்டி லீவர் இல்லை. ஹங்கேரி அதை எகிப்துக்காகச் செய்தபோது லீவரைச் சேர்த்தது. பெயரையும் சேர்த்து மாற்றியது, 'டோக்காஜிப்ட்'. ஊர் பேரும் ஆயிற்று, லாக்கும் ஆயிற்று!

அமெரிக்காவுக்குள் வெளிநாட்டுப் பிஸ்டல் நுழைய மார்க் வாங்கணும் தெரியுமா? நிஜமாகவே மதிப்பெண் பட்டியல் இருக்கிறது. நீளத்துக்கு, எடைக்கு, சேஃப்டிக்கு என்று தனித்தனி மார்க். பிஸ்டலுக்குப் பாஸ் மார்க் 75. ரிவால்வருக்கு 45. நம் ஊர்ப் பரீட்சையைவிடக் கண்டிப்பு!

ஒலிம்பிக்கில் லீவரை நம்புவதே இல்லை. சுடாத நேரத்தில் குழலுக்குள் பளீரென்ற நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கொடி செருகியிருக்க வேண்டும். கொடி வெளியே தெரிந்தால் உள்ளே தோட்டா இல்லை. விலை சொற்பம். எவ்வளவு மலிவான சேஃப்டி!

சட்டம் என்ன சொல்கிறது?

9 எம்.எம். பிஸ்டல் உங்களுக்கும் எனக்கும் கிடையாது. தடை செய்யப்பட்ட ரகம்! பொதுமக்களுக்கு .32. அதனால்தான் ஃபெலுடாவுக்கும் .32 என்று நினைத்துவிடாதீர்கள். சத்யஜித் ராய் தன் துப்பறிவாளருக்கு .32 கோல்ட் ரிவால்வர் கொடுத்தது 1959 ஆயுதச் சட்டத்தைப் பார்த்தா, ஸ்டைலைப் பார்த்தா, அவருக்கே வெளிச்சம்!

2016 ஆயுத விதிகள்படி லைசென்ஸுக்கு மனுப் போடுகிறவர் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். வயது? குறைந்தது 21!

2019 திருத்தத்துக்கு முன் ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம். இப்போது இரண்டு. கல்யாண ஊர்வலத்தில் குஷியாக ஆகாயத்தைப் பார்த்துச் சுட்டால்? இரண்டு வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம், சில சமயம் இரண்டும்!

சரி, என் ஓட்டு எதற்கு? இடுப்பில் தொங்கி நொடியில் வெளியே வரவேண்டிய போலீஸ் பிஸ்டலுக்கு லீவர் வேண்டாம், க்ளாக் கட்சி. பெஹாலாவிலோ பெரம்பூரிலோ பீரோவுக்குள் வருஷக்கணக்கில் தூங்குகிற வீட்டுத் துப்பாக்கிக்கு லீவர் வேணும், சிங்கப்பூர் கட்சி. இரண்டுக்கும் பொதுவாக ஷாங்காய்க்காரர் சொன்னது ஒன்று போதும்: சேம்பரில் தோட்டா 0!